மணல் வளவில் சேதன வீட்டுத்தோட்டம்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையின் கடலோர வளவுகளில் மண் பெரும்பாலும் மணலாக இருப்பதால், ஊற்றும் தண்ணீரும் இடும் பசளையும் வேர்ப்பகுதியில் தங்காமல் கீழே வடிந்துவிடுகின்றன. ஆகவே விதை தேடுவதற்கு முன் மண்ணைத் திருத்துவதே முறை. ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழத்தில் குழி வெட்டி, அடியில் பொச்சுமட்டைகளை (தேங்காய் உரிமட்டைகளை) உட்குழிவு மேல்நோக்கியிருக்குமாறு அடுக்கி, அதன்மேல் கிளிரிசீடியாத் தழை, நன்கு மக்கிய மாட்டெரு, மேல்மண் ஆகியவற்றைக் கலந்து நிரப்பினால், மட்டைகள் ஈரத்தை உறிஞ்சி வைத்திருந்து வேருக்குச் சிறிது சிறிதாகக் கொடுக்கும். பட்டியில் அள்ளிய புதுச் சாணத்தை அப்படியே இடக்கூடாது; அது மக்கும்போது எழும் சூடு இளம் வேர்களைக் கருக்கிவிடும். நிரப்பிய குழியையும் இரண்டு வாரங்கள் ஆறவிட்ட பின்னரே கத்தரி, மிளகாய் நாற்றுகளை நடுவது நல்லது.

மாரியில் வெள்ளம் தேங்கும் வளவாயின் பாத்தியை அரை அடியாவது உயர்த்த வேண்டும். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில், செடியின் தண்டைத் தொடாதவாறு அடியைச் சுற்றி வைக்கோல் பரப்பினால் ஈரம் காயாது. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை வயல்களில் வீணே எரிக்கப்படும் வைக்கோலில் ஒரு கட்டுக் கிடைத்தாலே ஒரு சிறிய தோட்டத்துக்குப் போதும்.