பேஸ் கிதார் செட்டப்: புதுத் தந்தி முதல் பிக்கப் உயரம் வரை, வரிசை மாறாமல்

ஐந்தாவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) கரகரக்கிறது என்று, பிரிட்ஜில் தந்தியைத் தாங்கும் துண்டான சாடிலைத் தூக்குகிறோம். கரகரப்பு நிற்கிறது, விரல் நோகிறது. மறுபடி இறக்கினால் கரகரப்பும் கூடவே வந்துவிடுகிறது. கழுத்தில் இருக்கும் கோளாறுக்கு, உடலில் தந்தியின் அடிமுனையைப் பிடிக்கும் பிரிட்ஜில் வைத்தியம் பார்ப்பதால்தான் இந்த அலைச்சல். தந்தி, கழுத்தின் வளைவு, தந்தியின் உயரம், இன்டொனேஷன் (கழுத்து நெடுக சுரம் சுருதி தப்பாமல் இருப்பது), பிக்கப் (தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தப் பெட்டி) உயரம்: இந்த வரிசையில்தான் போக வேண்டும். முதலில் வருவதைத் தொட்டால் அதற்குப் பின்னால் இருக்கும் எல்லா அளவும் மாறும். எனவே கடைசியிலிருந்து ஆரம்பித்தவர் எல்லாவற்றையும் இரண்டு தடவை செய்ய வேண்டியிருக்கும்.

இங்கே சொல்லும் அளவுகள் 34 அங்குல ஸ்கேல் (தலைப்பக்கம் தந்தியைத் தாங்கும் வெட்டுக் கட்டையான நட்டுக்கும் சாடிலுக்கும் இடையே தந்தி அதிரும் நீளம்), நான்கு தந்தி, போல்ட் போட்ட கழுத்து உள்ள பேஸுக்கு. ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் 1951இல் வந்ததிலிருந்து பெரும்பாலான பேஸ்கள் இந்த அமைப்பில்தான் வருகின்றன.

கையில் இருக்க வேண்டியவை

ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), அரை மி.மீ. கோடு உள்ள இரும்பு ஸ்கேல், கேப்போ (தந்திகளை ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி), ட்யூனர் (சுருதி காட்டும் கருவி), நல்ல கட்டர், பிலிப்ஸ் ஸ்குரு டிரைவர், ஆலன் கீ செட். ஆலன் கீ விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அங்குலக் கணக்கில் செய்த பேஸுக்கு அங்குலக் கீதான் வேண்டும். ட்ரஸ் ராட் (கழுத்துக்குள் ஓடும் உலோகக் கம்பி) திருகு 3/16 அங்குலம் என்றால் 4.76 மி.மீ. அதில் 5 மி.மீ. கீ நுழையாது. 4.5 நுழையும், ஆனால் ஆடும். ஆடும் கீயை வைத்து இரண்டு தடவை அழுத்தித் திருகினால் அறுகோணம் வட்டமாகிவிடும், அதற்குமேல் அந்தத் திருகை அசைக்கவே முடியாது. கீ உள்ளே போனதும் லேசாக ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் அது உங்கள் பேஸுக்கான கீ அல்ல.

ட்யூனரில் கிளிப் வகையை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். திறந்த ஈ தந்தி 41.2 ஹெர்ட்ஸ். அந்த ஆழத்தில் கிளிப் ட்யூனரின் முள் தடுமாறும். கேபிள் செருகும் பெடல் ட்யூனர் போதும். ஸ்ட்ரோப் வகை கிடைத்தால் இன்னும் நல்லது.

1. தந்தி

பழைய தந்தியோடு செட்டப் செய்வது வீண் வேலை. ஃப்ரெட் பட்டுத் தேய்ந்த, சுருள்களுக்குள் அழுக்கு ஏறிய தந்தி நீளம் முழுக்க ஒரே சீராக அதிராது, இன்டொனேஷன் உட்காரவே உட்காராது. எந்த கனத்தில் வாசிக்கப் போகிறீர்களோ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில் 45-65-85-105 பொதுவானது) அதையே போடுங்கள். பின்னால் கனத்தை மாற்றினால் இரண்டாம் படியிலிருந்து மறுபடி வர வேண்டும்.

நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றலாமா? தாராளமாக. ஃப்ரெட்போர்டைத் துடைக்க அப்போதுதான் இடம் கிடைக்கும். ரோஸ்வுட், எபனி என்றால் துளி எண்ணெய் தடவித் துடைக்கலாம். வார்னிஷ் பூசிய மேப்பிளுக்கு ஈரத்துணி போதும், எண்ணெய் வேண்டாம்.

தந்தியை பிரிட்ஜ் வழியாக இழுத்து, தலையில் அது சுற்ற வேண்டிய முறுக்காணித் தூணைத் தாண்டி 10-12 செ.மீ. விடுங்கள். அந்த இடத்தில் முதலில் 90 டிகிரி மடக்குங்கள், பிறகுதான் வெட்டுங்கள். மடக்காமல் வெட்டினால் உள்கம்பியின் மேல் சுற்றியிருக்கும் சுருள் தளர்ந்து, அந்தத் தந்தி உயிரில்லாமல் ஒலிக்கும். வெட்டிய முனையைத் தூணின் நடுத்துளையில் செருகி, மேலிருந்து கீழாகச் சுற்று இறங்கும்படி இழுத்துப் பிடித்துக்கொண்டே முறுக்குங்கள். மூன்று சுற்று போதும். ஏ தந்திக்கு மட்டும் இன்னும் ஒரு சுற்று சேர்த்துவிடுங்கள். நிறைய பேஸ்களில் டி, ஜி தந்திகளை மட்டுமே ஒரு சிறு பிடி கீழே அழுத்துகிறது, ஏ தந்திக்கு அது கிடையாது. சுற்று தூணின் அடிவரை இறங்காவிட்டால் நட்டில் அழுத்தம் குறைந்து, திறந்த ஏ மட்டும் சிதார் மாதிரி இரையும்.

இப்போது பலர் தவறவிடும் சின்ன வேலை. புதுத் தந்தி விறைப்பானது. சாடிலிலும் நட்டிலும் அது நேராக மடங்காது, வில் போல வளைந்து ஏறி இறங்கும். சாடிலுக்கு ஒரு செ.மீ. முன்னால் கட்டை விரலால் அழுத்தி, தந்தி சாடிலிலிருந்து நேர்கோடாகக் கிளம்பும்படி செய்யுங்கள். நட்டைத் தாண்டிய இடத்திலும் அப்படியே. அழுத்தியதும் சுருதி இறங்கினால் வளைவு இருந்தது என்று அர்த்தம். திரும்பச் சுருதி கூட்டுங்கள். ஃப்ளாட்வவுண்ட் (மேலே பட்டையான கம்பி சுற்றிய) தந்தியில் மட்டும் மென்மையாக, ஏனென்றால் அதன் பட்டைச் சுருள் மடங்கினால் திரும்ப நேராகாது.

2. கழுத்தின் வளைவு

சுருதி சேர்த்த தந்திகள் எல்லாம் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் கழுத்தை முன்னால் இழுக்கின்றன. அதை எதிர்த்துப் பிடிப்பது உள்ளே ஓடும் ட்ரஸ் ராட். கழுத்து அட்டை மாதிரி நேராக இருக்கக் கூடாது. அதிரும் தந்தி நடுவில்தான் அதிகம் அகலும், அதற்கு இடம் விட்டு லேசான குழிவு வேண்டும். அந்தக் குழிவுதான் ரிலீஃப்.

அளக்கும் முறை: சரியான சுருதியில் வைத்து, முதல் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டுங்கள். கழுத்து உடலைச் சேரும் இடத்து ஃப்ரெட்டில் ஈ தந்தியை அழுத்துங்கள். இப்போது தந்தியே ஒரு நேர்கோல். 7 அல்லது 8ஆம் ஃப்ரெட்டின் தலைக்கும் தந்தியின் அடிக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். 0.25 முதல் 0.35 மி.மீ. வரை இருந்தால் கை வைக்காதீர்கள். இதை பேஸ் மடியில், வாசிக்கும் நிலையில் இருக்கும்போது அளக்க வேண்டும். மேசையில் மல்லாத்தி, தலையைப் புத்தகத்தின் மேல் வைத்து அளந்தால் பேஸின் எடையே கழுத்தை வளைத்து அளவைப் பொய்யாக்கும்.

இடைவெளி அதிகம் என்றால் திருகை நேருக்கு நேர் பார்த்தபடி வலப்பக்கம் இறுக்குங்கள், கழுத்து நேராகும். இடைவெளியே இல்லையென்றால் இடப்பக்கம் தளர்த்துங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திசையில் குழப்பமா? ட்யூனரைப் பாருங்கள். இறுக்கினால் தலை பின்னால் சாய்ந்து சுருதி கொஞ்சம் ஏறும், தளர்த்தினால் இறங்கும். நீங்கள் நினைத்ததற்கு நேர்மாறாக முள் நகர்ந்தால் நிறுத்திவிட்டு யோசியுங்கள்.

ஒவ்வொரு கால் சுற்றுக்கும் பிறகு சுருதி சேர்த்துவிட்டுத்தான் திரும்ப அளக்க வேண்டும். சுருதி மாறிய நிலையில் அளந்த எண்ணுக்கு மதிப்பில்லை. மரம் உடனே முழுதாக நகர்ந்துவிடாது, ஓர் இரவு விட்டுக் காலையில் மறுபடி பாருங்கள். தளர்த்தும்போது திருகு கொஞ்ச தூரம் எந்த எதிர்ப்பும் இல்லாமல் சும்மா சுழன்று, பிறகு மீண்டும் இறுகினால் பயப்பட வேண்டாம். அது இருபக்கமும் வேலை செய்யும் ராட். அந்த இறுக்கம் இப்போது கழுத்தை முன்னால் தள்ளுகிறது.

கெட்டியாக இருக்கும் திருகை முரட்டுத்தனமாக இறுக்காதீர்கள். முதலில் கால் சுற்று தளர்த்தி, தந்திகளையும் தளர்த்தி, தலையைக் கையால் மெல்லப் பின்னால் சாய்த்துப் பிடித்தபடி இறுக்கினால் பெரும்பாலும் நகரும். அதற்கும் அசையாவிட்டால் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடலாம். ராட் உடைந்தால் சரிசெய்யும் செலவு பல சமயம் பேஸின் மதிப்பைத் தாண்டும்.

பழைய பாணி ஃபெண்டர்களில் திருகு கழுத்தின் அடிப்பக்கம், உடலுக்குள் மறைந்திருக்கும். தந்திகளைத் தளர்த்தி, அவை நழுவாமல் கேப்போ மாட்டி, நான்கு போல்ட்டையும் கழற்றிக் கழுத்தை எடுத்துத் திருகிவிட்டு மாட்ட வேண்டும். மாட்டும்போது ஒவ்வொரு போல்ட்டையும் முதலில் இடப்பக்கம் சுழற்றுங்கள். "டிக்" என்று ஒரு சின்ன விழுதல் கேட்கும் இடத்தில் பழைய மரை கிடைத்துவிட்டது, அங்கிருந்து வலப்பக்கம். அப்படிச் செய்யாவிட்டால் மரத்தில் புது மரை வெட்டிப் பிடிமானம் போய்விடும்.

3. தந்தியின் உயரம்

கேப்போவை எடுத்துவிட்டு 12ஆம் ஃப்ரெட்டின் தலையிலிருந்து தந்தியின் அடிவரை அளந்து பாருங்கள். ஈ 2.5 மி.மீ., ஜி 2 மி.மீ. என்பது தொடங்க நல்ல இடம். ஏ, டி இரண்டும் ஃப்ரெட்போர்டின் வளைவுக்கு ஏற்ப நடுவில் அமையட்டும். ஒவ்வொரு சாடிலிலும் இரண்டு சின்னத் திருகுகள் இருக்கும், இரண்டையும் சமமாகத் திருப்பினால் சாடில் சாயாது.

இதற்குமேல் எவ்வளவு இறக்கலாம் என்பதை உங்கள் வலக்கைதான் தீர்மானிக்கும். ஓங்கி அடிப்பவருக்கு 2 மி.மீ. ஈ தந்தி கரகரக்கும், மென்மையாக வாசிப்பவருக்கு அதுவே சுகம். ஆம்ப்ளிஃபையரில் கேட்காத கரகரப்பைத் துரத்த வேண்டாம்.

எங்கே கரகரக்கிறது என்பதே நோயைச் சொல்லும். முதல் ஐந்தாறு ஃப்ரெட்டுகளில் என்றால் ரிலீஃப் போதவில்லை, இரண்டாம் படிக்குத் திரும்புங்கள். 12க்கு மேல் மட்டும் என்றால் சாடில் தாழ்வு. திறந்த தந்தியில் மட்டும் என்றால் நட்டின் வெட்டு ஆழம் அதிகம். ஒரே ஒரு ஃப்ரெட்டில் அழுத்தும்போது என்றால் அதற்கு அடுத்த ஃப்ரெட் தூக்கியிருக்கிறது. இந்தக் கடைசிக் கோளாறை எந்தத் திருகும் தீர்க்காது.

நட் உயரமா என்று பார்க்க மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்துங்கள். முதல் ஃப்ரெட்டுக்கு மேல் ஒரு நூலளவு வெளிச்சம் தெரிந்தால் சரி. அரம் எடுப்பதை மட்டும் முதல் செட்டப்பில் தவிர்த்துவிடுங்கள்.

4. இன்டொனேஷன்

முதலில் தோராயமாக: 34 அங்குலம் என்பது 864 மி.மீ., ஆக நட்டிலிருந்து 12ஆம் ஃப்ரெட் 432 மி.மீ. ஜி சாடிலை 12ஆம் ஃப்ரெட்டிலிருந்து 433 அல்லது 434இல் வையுங்கள். டி, ஏ, ஈ மூன்றும் படிப்படியாக இன்னும் பின்னால் போகும்.

பிறகு 12ஆம் ஃப்ரெட்டின் மேல் ஹார்மோனிக்கை (தந்தியை அழுத்தாமல் விரலால் லேசாகத் தொட்டு மீட்டும் ஒலி) சுருதி சேர்த்து, அதே இடத்தில் வழக்கமாக அழுத்தும் விசையில் அழுத்தி ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சாடில் பின்னால், இறங்கியிருந்தால் முன்னால். நகர்த்தும் முன் தந்தியைத் தளர்த்துங்கள், இல்லாவிட்டால் திருகின் மரை தேயும். நகர்த்திய பின் மறுபடி ஹார்மோனிக்கிலிருந்து.

எவ்வளவு நகர்த்தியும் ஈ தந்தி மட்டும் பிடிகொடுக்கவில்லையா? மூன்று இடம் பாருங்கள். சாடிலில் வளைவை அழுத்தி நேராக்கினீர்களா? தந்தி புதிதா? பிக்கப் மிக உயரமா? பிக்கப்பின் காந்தம் கனமான தந்தியை இழுத்தால் ஒரே சுரத்துக்குள் இரண்டு சுருதி அலைவது போலக் கேட்கும், ட்யூனர் முள்ளும் நிற்காது. பிக்கப்பைத் தாராளமாக இறக்கிவிட்டு மறுபடி அளந்தால் தெரிந்துவிடும். சாடில் பின்னால் போக இடமில்லாமல் ஸ்பிரிங் தடுத்தால், ஸ்பிரிங்கைப் பாதியாக வெட்டிப் போடலாம்.

5. பிக்கப் உயரம்

கடைசி ஃப்ரெட்டில் அழுத்தி, ஈ பக்கம் சுமார் 3 மி.மீ., ஜி பக்கம் 2.5 மி.மீ. இடைவெளி வைத்து ஆரம்பியுங்கள். மற்றது காதின் வேலை. இரண்டு பிக்கப் உள்ளதில் பிரிட்ஜ் பக்கத்தது இன்னும் கொஞ்சம் நெருங்கலாம், அங்கே தந்தி குறைவாகவே அதிர்கிறது.

பின்சேர்க்கைகள்

ஐந்து தந்தி: பி தந்தியின் திறந்த சுரம் 30.9 ஹெர்ட்ஸ். பல ட்யூனர்கள் அதைப் பிடிக்கத் திணறும், எனவே சுருதி சேர்ப்பதையும் 12ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக்கில் செய்யுங்கள். உயரத்தை ஈயை விடக் கால் மி.மீ. கூட்டிக்கொள்ளலாம்.

செட்டப் முடித்த பிறகு ஒலி உடைந்து பிசிறுகிறது என்றால், ஆக்டிவ் பேஸ் (உள்ளே பேட்டரியில் ஓடும் மின்சுற்று உள்ளது) வைத்திருப்பவர்கள் முதலில் 9 வோல்ட் பேட்டரியைப் பாருங்கள். அவற்றில் கேபிள் செருகிய ஜாக்தான் பேட்டரிக்கு சுவிட்ச். வாசிக்காதபோது கேபிள் மாட்டியே இருந்தால் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

ஷார்ட் ஸ்கேல் (34 அங்குலத்தை விடக் குட்டையான) பேஸ் வைத்திருப்பவர்கள் தந்தி வாங்கும் முன், பிரிட்ஜில் மாட்டும் குண்டு முனையிலிருந்து நட் வரை அளந்து, உறையில் போட்டிருக்கும் நீளத்தோடு ஒப்பிடுங்கள். 34 அங்குலத் தந்தியை வெட்டிப் போட்டால் தடித்த பகுதியே தூணில் சுற்றும். ஃப்ளாட்வவுண்டில் அது அங்கேயே அறுந்துவிட வாய்ப்பு அதிகம். ரவுண்ட்வவுண்டிலிருந்து (உருண்டைக் கம்பி சுற்றிய தந்தி) ஃப்ளாட்டுக்கு மாறுகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: ஃப்ளாட்டின் இழுவை பெரும்பாலும் கூடுதல். மாட்டிய மறுநாள் ரிலீஃபை அளந்தால் இடைவெளி கூடியிருக்கும். சாடிலை விட்டுவிட்டு ட்ரஸ் ராடிலிருந்து தொடங்குங்கள்.