பாத்தியில் தெளிந்த ஜெர்மன் இலக்கணம்

ஜெர்மனியின் துரிங்கியா மாநிலத் தொடக்கப் பள்ளிகளில் பள்ளித் தோட்டம் ஒரு தனிப் பாடம். அங்கே புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஜெர்மன் கற்பித்தபோது, ‘உள்ளே’ எனப் பொருள்படும் ‘இன்’ என்னும் சொல்லுக்குப் பின், பெயர்ச்சொல்லுக்கு முன் நிற்கும் சார்படையாக (article) ‘டீ’ வருமா ‘டேர்’ வருமா என்பதில் அவர்கள் தடுமாறினார்கள். பயிற்சித்தாளில் சரியாக எழுதியவர்கள்கூடப் பேசும்போது தவறவிட்டார்கள்.

ஆகவே பாடத்தைப் பாத்திக்குக் கொண்டுசென்றேன். விதையைக் குழியில் இடும்போதே ‘இஷ் லேகே டென் ஸாமென் இன் டீ ஏர்டே’, அதாவது விதையை மண்ணுக்குள் இடுகிறேன் என்றும், கையை எடுத்து மண்ணை மூடிய பிறகுதான் ‘டேர் ஸாமென் லீக்ட் இன் டேர் ஏர்டே’, விதை மண்ணுக்குள் கிடக்கிறது என்றும் சொல்லவைத்தேன். இடம் மாறும் செயலுக்கு அக்கூஸாட்டிவ் வேற்றுமை (இங்கே ‘டீ’), இருக்கும் நிலைக்கு டாட்டிவ் வேற்றுமை (இங்கே ‘டேர்’) என்னும் விதியை நான் விளக்குமுன்பே அவர்கள் அதைச் சரியாகப் பேசத் தொடங்கினார்கள். இது எனக்குப் பெருமகிழ்ச்சி அளித்தது.

முதல் விதைப்புக்குச் சிறிய சிவப்பு முள்ளங்கியே ஏற்றது. ஆர்வம் தளருமுன், 4 முதல் 6 வாரங்களில் விளைந்துவிடும். பீன்ஸ் உறைபனியைத் தாங்காது என்பதால் மே 15-க்குப் பின் விதைப்பதே நல்லது.

கருவிகளை வழங்கும் நேரமும் பயன்படும். ‘டேர் ஷ்பாட்டென்’ என்று மண்வெட்டியைக் கேட்கும் பிள்ளையைக் கண்டிக்காமல், கேட்கும் பொருளுக்குரிய அக்கூஸாட்டிவ் வடிவில் ‘டென் ஷ்பாட்டென்’ என்று திருத்தமாகச் சொல்லியபடியே அதைக் கையில் கொடுப்பேன்.