ஓரக்கண்ணில் பட்ட முகத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள்

கும்பகோணம், மன்னார்குடி பக்கம் ஒரு கல்யாணம் முடிந்தால் அடுத்த ஒரு மாசத்துக்கு ஓடும் பேச்சில் பாதி, யார் யாரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், யார் பந்தியில் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தார்கள் என்பதாகத்தான் இருக்கும். நேருக்கு நேர் பார்த்தீர்களா என்று கேட்டால், "இல்லை, இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், ஓரக்கண்ணில் பட்டது" என்பார்கள். ஓரக்கண்ணில் பட்டதை நம்பிப் பங்காளிகளுக்குள் பேச்சுவார்த்தையே நின்றுபோவதும் நடக்கிறது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதல் தவறு, ஓரத்திலும் முகம் தெளிவாகத்தான் தெரிகிறது என்று நினைப்பது. கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். அதன் அகலம் கண்ணில் பிடிக்கும் கோணம் சுமார் 2 டிகிரி. நம் கண் நுணுக்கமாகப் பார்ப்பது ஏறக்குறைய அந்த அளவு இடத்தைத்தான், ஏனென்றால் ஒளியை உணர்ந்து நுணுக்கத்தைக் காட்டும் கூம்பு செல்கள் நெருக்கியடித்து இருப்பது விழித்திரையின் (கண்ணின் பின்பக்கத் திரை) நடுக்குழியில் மட்டும். அதைத் தாண்டினால் தெளிவு சட்டென்று குறைந்துவிடும். பிறகு ஏன் சுற்றியிருப்பது எல்லாமே தெளிவாக இருப்பதுபோல் தோன்றுகிறது? கண் வினாடிக்கு மூன்று தடவை போல இடம் தாவிக்கொண்டே இருக்கிறது, மிச்சத்தை மூளை ஒப்பேற்றிவிடுகிறது.

சரி, ஓரத்தில் மங்கலாகத் தெரியும், அவ்வளவுதானே என்று விட்டுவிடுவது இரண்டாவது தவறு. மங்கல் மட்டும் இல்லை, நெரிசலும் இருக்கிறது. ஓரப்பார்வையில் ஒரு பொருளுக்குப் பக்கத்தில் வேறு பொருள் இருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும். நெதர்லாந்தைச் சேர்ந்த பார்வை ஆய்வாளர் ஹெர்மன் பௌமா 1970-இல் எழுத்துகளை வைத்து இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்: பார்க்கும் புள்ளியிலிருந்து ஓர் எழுத்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அதில் சுமார் பாதி தூரத்துக்குள் வேறு எழுத்து இருந்தால் அதை அடையாளம் காண்பது கஷ்டம். முகத்துக்கு வந்தால் இது இன்னும் மோசம், ஏனென்றால் ஒரே முகத்துக்குள்ளேயே புருவம், கண், மூக்கு, வாய் எல்லாம் ஒன்றையொன்று நெரிக்கின்றன. ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவரின் புருவத்துக்கும் வாய்க்கும் நடுவே சுமார் 5 டிகிரிதான் இடைவெளி. அவர் உங்கள் பார்வையிலிருந்து 20 டிகிரி ஒதுங்கி இருந்தால் (நீட்டிய கையில் இரண்டு முஷ்டி அகலம், அதாவது பக்கத்தில்தான்) பௌமா கணக்குப்படி 10 டிகிரி இடைவெளி வேண்டும். அது எந்த முகத்திலும் இருக்காது. புதுக் கண்ணாடி போட்டாலும் இந்த நெரிசல் போகாது.

ஆனால் எல்லா உணர்ச்சியும் ஒரே அளவில் காணாமல் போவதில்லை, என்னைக் கேட்டால் மனசில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இதுதான். சிரிப்பு ஓரப்பார்வையிலும் நன்றாகவே பிடிபடும் என்று பல சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். வாய் அகலமாக விரிகிறது, பல் வெள்ளையாகத் தெரிகிறது, கன்னம் மேலே ஏறுகிறது, எல்லாமே பெரிய மாற்றங்கள். வாயைப் பிளக்கும் ஆச்சரியமும் ஓரளவு தெரிந்துவிடும். சோகம், பயம், கோபம் இவை அந்த அளவுக்குத் தெரிவதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை அடுப்பு ஓரமாக வந்து நிற்கிறது, அம்மாவின் கண் தோசைக்கல்லில் இருக்கிறது. பிள்ளையின் முகத்தில் புருவத்தின் உள்முனை லேசாக ஏறியிருக்கும், உதட்டு ஓரம் கொஞ்சம் இறங்கியிருக்கும், எல்லாம் சில மில்லிமீட்டர் அசைவுகள். ஓரக்கண்ணுக்கு அது வெறும் முகம். "நல்லாத்தானே வந்து நின்னுச்சு" என்று அப்புறம் அம்மா சொல்வது பொய்யில்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதனால் சிரிப்பு தெரியவில்லை என்பதை வைத்துக் கோபம் என்றும் முடிவு கட்டாதீர்கள், வித்தியாசமாக எதுவும் படவில்லை என்பதை வைத்து எல்லாம் நலம் என்றும் முடிவு கட்டாதீர்கள். தோசை கருகினாலும் பரவாயில்லை, திரும்பி ஒரு தடவை பாருங்கள்.

பாரிஸில் இருக்கும் மோனாலிசா படத்திலும் இது நடக்கிறது. நேராக வாயைப் பார்த்தால் சிரிப்பு குறைகிறது, கண்ணையோ பின்னணியையோ பார்த்தால் கூடுகிறது. அந்தச் சிரிப்பு மெல்லிய கோடுகளில் இல்லாமல் பெரிய நிழல்களில் இருக்கிறது, அது ஓரப்பார்வைக்குத்தான் நன்றாகப் பிடிபடும் என்று நரம்பியல் ஆய்வாளர் மார்கரெட் லிவிங்ஸ்டன் 2000-இல் விளக்கினார்.

தூரத்தையும் ஓரத்தையும் குழப்பிக்கொள்வது இன்னொரு தவறு. மெலட்டூர் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் பின்னால் உட்கார்ந்து பார்த்தாலும் இரணியன் முகத்தில் ஏறும் கோபம் தெரிகிறதே, பக்கத்தில் இருப்பவர் முகமா தெரியாமல் போகும் என்று கேட்பார்கள். மேடையில் இருப்பவரை நீங்கள் நேராகப் பார்க்கிறீர்கள், முகம் சின்னதாக இருந்தாலும் அது நடுக்குழியில் விழுகிறது, போதாததற்கு மை தீட்டிய கண்ணும் புருவமும் வேறு. பக்கத்தில் இருப்பவரின் முகம் பெரிதாக இருந்தும் ஓரத்தில் விழுகிறது.

"அவன் என்னையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்" என்பதிலும் ஜாக்கிரதை. தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது ஓரக்கண்ணில் நன்றாகவே தெரியும். கருவிழி எங்கே பார்க்கிறது என்பது தெரியாது. டவுன் பஸ்ஸில் உங்கள் பக்கம் தலை திரும்பியிருக்கும் ஆள் உங்களுக்குப் பின்னால் உள்ள ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இதற்காக ஓரப்பார்வையே உதவாது என்று தள்ளிவிட வேண்டாம். ஒரு முகத்தில் ஏதோ மாறியிருக்கிறது என்று உணர்வது வேறு, என்ன மாறியது என்று பெயர் சொல்வது வேறு. முதல் வேலையை ஓரக்கண் ஓரளவு செய்துவிடும், கூடவே அசைவு, உடம்பு நிற்கும் விதம், குரல் எல்லாம் கைகொடுக்கும். அந்த உறுத்தல் வந்ததும் திரும்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாகச் சொல்வது வீட்டுப் பெரியவர்களைப் பற்றி. வயதானபின் சிலருக்கு விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துபோகும், மாக்குலர் டிஜெனரேஷன் என்பார்கள். அது முற்றிவிட்டால் நாள் முழுக்க அவர்களுக்கு ஓரப்பார்வை மட்டும்தான். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா நடந்து போவார், சொம்பை எடுப்பார், ஆனால் வாசலில் நின்று சிரிப்பது பேத்திதான் என்று அவருக்குப் பிடிபடாது. "தாத்தா கண்டுக்கவே மாட்டேங்கிறார்", "பேசும்போது எங்கேயோ பார்க்கிறார்" என்று குறைபட்டுக்கொள்வது பெரிய அநியாயம். உங்கள் காதையோ நெற்றியையோ பார்ப்பதுபோல் இருந்தால், நடுவில் தெரியாததால் மிச்சமுள்ள பார்வையில் உங்கள் முகத்தைப் பிடிக்கப் பார்க்கிறார் என்று அர்த்தம். கிட்டே போய், வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி நின்று, "தாத்தா, நான்தான்" என்று பெயரைச் சொல்லிப் பேசுங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள்; கம்பி வளைந்தோ நடுவில் அழிந்தோ தெரிந்தால் அறுவடை முடியட்டும், பொங்கல் கழியட்டும் என்று தள்ளிப்போடாமல் விழித்திரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இதில் ஒரு வகைக்கு ஊசி மருந்து இருக்கிறது, சீக்கிரம் போட்டால்தான் மிச்சப் பார்வையைக் காப்பாற்ற முடியும்.