பொம்மையைக் கமராவால் பாருங்கள்: குட்டி அரங்கு கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறுவர் கதைகளுக்குப் படம் வரையாமல், பொம்மை செய்து, அதற்கொரு குட்டி வீடோ கடையோ கட்டி, அதைப் படம் பிடித்துப் பக்கத்தில் போடுவது என் வேலை. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டுச் சாப்பாட்டு மேசைதான் பட்டறை. புதிதாகத் தொடங்கியவர்கள் கொண்டுவந்து காட்டும் படங்களில் ஒரு குறை திரும்பத் திரும்ப வருகிறது. கையில் வைத்துப் பார்த்தால் பொம்மை அவ்வளவு அழகு. படத்தில் மட்டும் உயிர் இல்லை. செய்தவர் ஒரு மாதமாக அதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். கமராவால் பார்த்தது கடைசி நாளில்தான்.

அதனால் பொம்மைக்குக் கம்பி வளைக்கும் முன்பே கமராக் காலில் (முக்காலியில்) கமராவை ஏற்றிவிடுங்கள். பழைய காட்போட் மட்டையில் இரண்டு சுவர், பொம்மையின் உயரத்துக்கு ஒரு களிமண் உருண்டை. அதைப் படம் எடுங்கள். எது படச்சட்டத்துக்குள் வருகிறது, எது வெளியே போகிறது என்பது அப்போதே தெரியும். ஒருமுறை சைவக்கடை ஒன்று கட்டினேன். கூரை ஓடு ஒவ்வொன்றாக வெட்டி ஒட்ட நான்கு நாள் போனது. படத்துக்குள் கூரையே வரவில்லை.

அம்பலாங்கொடையின் நூலில் கட்டி ஆட்டும் நாடகப் பொம்மைகளை முன்மாதிரியாக எடுப்பவர்களும் உண்டு. 2018இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்த பெருமைக்குரிய கலை அது. ஆனால் அந்தப் பொம்மை தூரத்தில் இருப்பவருக்கும் தெரிய வேண்டும், அசைய வேண்டும். அதனால் கண்ணும் புருவமும் பெரிதாக, அழுத்தமாகத் தீட்டப்பட்டிருக்கும். நம் பொம்மையைக் கமரா ஒரு சாண் தூரத்தில் நின்று பார்க்கிறது. இங்கே புருவத்தில் ஒரு மயிர் கூடினாலும் முகபாவம் மாறிவிடும்.

அடுத்து அளவு. அதிகம் பேர் தடுக்கி விழுவது இதில்தான். ஆறில் ஒரு பங்கு அளவு என்று வைத்துக்கொண்டால், ஐந்தரை அடி ஆள் 11 அங்குலப் பொம்மை, ஏழடிக் கதவு 14 அங்குலம். இதுவரை எல்லோரும் சரியாகச் செய்வார்கள். அடிமட்டம் வைத்துப் பார்க்காத பொருள்கள்தான் காட்டிக்கொடுக்கும். சாறத்தில் ஒரு சென்ரிமீற்றர் கோடு இருந்தால், பொம்மையின் உலகத்தில் அது ஆறு சென்ரிமீற்றர் பட்டை. மூன்று மில்லிமீற்றர் தையல் கிட்டத்தட்ட இரண்டு சென்ரிமீற்றர் தையலாகத் தெரியும். கடற்கரையில் அள்ளிவந்த மணல் சல்லிக்கல் போல நிற்கும். மணலை மெல்லிய சீலையில் அரித்து, அடியில் விழும் தூளை மட்டும் எடுங்கள். மழையில் நனைந்த தரைக்கு நான் தூள் தேயிலையைத் தூவுகிறேன். படம் முடிந்ததும் அதைக் கொட்டிவிட வேண்டும், வைத்திருந்தால் ஈரம் இழுத்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

துணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதலாவது பாட்டிப் பொம்மைக்குப் புறக்கோட்டையில் புதுப் பருத்தித் துணி வாங்கிச் சேலை கட்டினேன். சேலை உடம்பில் விழாமல் மட்டை போல விறைத்து நின்றது. தெருமுனைத் தையல்கார அக்காவிடம் கொண்டுபோனேன். அவர் துணியை இரண்டு விரலால் கசக்கிப் பார்த்துவிட்டு, "புதுத்துணி எடுத்தா இப்பிடித்தான் பிள்ளை நிக்கும். வீட்டில தோய்ச்சுத் தோய்ச்சு நைஞ்ச வொயில் சீலை இருந்தாக் கொண்டு வாங்கோ" என்றார். அம்மாவின் பழைய சேலையிலிருந்து ஒரு முழம் வெட்டிக் கொடுத்தேன். அதுவும் தானாக முழுதாக விழவில்லை. துணிச் சுருக்கம் கீழே இறங்குவது துணியின் பாரத்தால். கையகலத் துண்டுக்கு ஏது பாரம்? வெள்ளைப் பசையை நான்கு மடங்கு தண்ணீரில் கரைத்து, துணியை நனைத்து, பொம்மையின் மேல் வைத்து, ஊசிமுனையால் கொசுவத்தை ஒவ்வொன்றாக இழுத்துக் காயவிட்டேன். முந்தானை ஓரத்தில் தலைமயிர் அளவு செப்புக் கம்பி ஒன்றையும் மடித்துத் தைத்தேன். காற்றில் பறக்கும் முந்தானை வேண்டுமென்றால் அந்தக் கம்பியை வளைத்தால் போதும்.

கொழும்பின் ஈரக் காற்றை மறந்து வேலை செய்வது இன்னொரு தவறு. கோதுமை மாப் பசையில் செய்த காகிதக்கூழ்த் தலையை முழுதும் காயுமுன் பிளாஸ்டிக் பெட்டியில் மூடி வைத்தேன். பத்து நாளில் கழுத்தைச் சுற்றிப் பச்சை படர்ந்திருந்தது. இப்போது தச்சர்கள் பாவிக்கும் வெள்ளைப் பசைதான். மெல்லிய படையாக ஒட்டி, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலங்களை எறியாமல் பொம்மைப் பெட்டிக்குள் போடுங்கள். உடம்புக்குள் இரும்புக் கட்டுக்கம்பி வைத்தால் கடற்காற்றில் துருப்பிடித்து, கறை சட்டைக்கு மேலே வரும். அலுமினியக் கம்பி நல்லது. அதுவும் ஒரே இடத்தில் பலமுறை வளைத்தால் முறியும் என்பதால் இரண்டு இழையை முறுக்கிப் பாவியுங்கள்.

ரெஜிபோம் (வெள்ளை நுரை அட்டை) சுவரில் சுப்பர் குளூவோ ஸ்பிரே பெயின்ற்றோ படக்கூடாது, சுவரை அரித்துக் குழியாக்கிவிடும். சுப்பர் குளூவின் ஆவி கறுப்புத் தலைமயிரில் வெள்ளைப் புகை போலப் படிவதும் உண்டு. தோலுக்கு மினுங்கும் வர்ணம் வேண்டாம். முகத்தில் மினுங்க வேண்டியது கண்மணி மட்டும். அதில் ஒரு சொட்டு வார்னிஷ் வைத்தால் யன்னல் வெளிச்சம் புள்ளியாக விழும். அந்தப் புள்ளி விழுந்தால்தான் பொம்மை பார்ப்பதுபோல இருக்கும்.

வெளிச்சத்தில் ஊரை மறந்துவிடுகிறோம். ஏப்ரல் முதற்பாதியில் மதியச் சூரியன் நேர் உச்சிக்கு வரும் நாடு இது. புறக்கோட்டைத் தெருவின் நண்பகல் என்று எழுதியிருக்கும் பக்கத்தில் பொம்மையின் நிழல் இரண்டு முழம் நீண்டு கிடந்தால், படிக்கும் பிள்ளைக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனாலும் நம்பாது. விளக்கை மேலே, காலடியில் நிழல் சுருங்கும்படி வையுங்கள். மேசை விளக்கைப் பொம்மைக்கு மிக அருகில் வைத்தால் இரண்டு தூண்களின் நிழல் இரண்டு திசைக்கு விரியும். சூரியனின் நிழல் அப்படி விரியாது. சிறிய விளக்கு ஒன்றை இரண்டு மூன்று மீற்றர் தள்ளி வைத்தால் சரிவரும். மழைநாள் வெளிச்சத்துக்கு விளக்கின் முன்னால் ஒரு வெள்ளைச் சீலை போதும். யன்னல் வெளிச்சத்தையும் மஞ்சள் மின்குமிழையும் தெரியாமல் கலக்காதீர்கள். முகத்தின் ஒரு பக்கம் நீலமாகிவிடும்.

கமரா பொம்மையின் கண் மட்டத்துக்கு இறங்க வேண்டும். மேலிருந்து எடுத்தால் அது மேசை மேல் கிடக்கும் சாமான். பெரிய சென்சர் கமராவில் 50 மில்லிமீற்றர் வில்லையை அரை மீற்றரில் வைத்து எஃப் 2.8 என்ற அகன்ற துவாரத்தில் எடுத்தால் கூர்மையாக விழுவது ஏறக்குறைய ஒன்றரை சென்ரிமீற்றர் ஆழம்தான். மூக்கு தெளிவு, காது மங்கல். மனிதரை எடுத்த படம் அப்படி இருப்பது குறைவு என்பதால் கண் உடனே இது பொம்மை என்று கண்டுபிடிக்கும். துவாரத்தைச் சுருக்கி எஃப் 11க்குப் போங்கள். தொலைபேசியில் எடுப்பவர்கள் கிட்டே முட்டாமல், ஓரடி பின்னால் வந்து இரண்டு மடங்கு வில்லையால் எடுங்கள். பின்னணியை மங்கலாக்கும் வசதியைத் தொடவே வேண்டாம், அது தலைமயிரைக் கத்தரித்துவிடும்.

எஃப் 11இல் ஒளி குறைவதால் கமரா திறந்திருக்கும் நேரம் ஒரு வினாடிக்குப் போகும். எங்கள் ஒழுங்கை கடற்கரை ரயில் பாதையில் முடிகிறது. ரயில் போகும்போது மேசையில் இருக்கும் பொம்மையின் கை நடுங்குவது கண்ணுக்குத் தெரியாது, படத்தில் விரல்கள் மங்கிக் கிடக்கும். ரயில் கடந்து ஒரு நிமிடம் பொறுத்து, கையால் அழுத்தாமல் இரண்டு வினாடித் தாமதத்தில் எடுக்கிறேன்.

அச்சைப் பற்றி இரண்டு விஷயம். விரித்த இரண்டு ஏ4 பக்கத்துக்கு 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) 4961க்கு 3508 பிக்சல் வேண்டும். 12 மெகாபிக்சல் தொலைபேசிப் படம் 4032க்கு 3024தான், போதாது. அடுத்தது, புத்தக மடிப்பு பொம்மையின் முகத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்து வருவதற்கு வெறும் சுவரோ வானமோ அரங்கிலேயே விட வேண்டும்.

படம் எடுத்த அன்றே அரங்கைக் கலைக்காதீர்கள். கமராக் கால் நின்ற மூன்று இடத்தையும், பொம்மையின் பாதம் இருந்த இடத்தையும், விளக்கின் இடத்தையும் ஒட்டுநாடாவால் குறித்து வையுங்கள். அச்சகத்து மாதிரித் தாள் வந்த பிறகுதான் பாட்டியின் மூக்குக்கண்ணாடியில் என் விரல் அடையாளம் இருந்ததைக் கண்டேன். அரங்கு அப்படியே நின்றதால் அதைத் துடைத்து மறுபடி எடுக்க அரை மணித்தியாலம்தான் ஆனது.