இஞ்சி பியர், வீட்டு பியர்ல வாசம் பிழைச்சா என்னத்தைப் பாக்கிற

போன கிழமை அக்காட மகன் கனடாவில இருந்து ஒரு படம் அனுப்பினான், அவன் காய்ச்சின பியர் வாளிக்குள்ள தடிச்ச கபில நுரை, அதுக்கு மேல பச்சையும் கறுப்புமா அழுக்கு மாதிரி புள்ளிகள், "மாமா இது பழுதாப் போச்சா, ஊத்திரவா" எண்டு கேட்டான். எத்தினையாம் நாள் மகன் எண்டு கேட்டன், மூண்டாம் நாளாம். ஊத்தாத, மூடி வை எண்டு சொன்னன். மூண்டு நாலு நாள்ல அப்பிடித்தான் இருக்கும், அது ஈஸ்ட் வேலை செய்யக்குள்ள எழும்புற நுரை, புள்ளி எல்லாம் ஹொப்ஸ் (பியருக்குக் கசப்புக்குப் போடுற பூ) தூள், ஒரு கிழமையில தானா அடங்கிரும்.

அங்க வீட்டுப் பாவனைக்கு பியர் காய்ச்சலாம், இஞ்ச இலங்கையில லைசன்ஸ் இல்லாம மதுபானம் செய்ய ஏலாது, அதால நான் ஆரையம்பதியில செய்யிறது இஞ்சி பியர், ஈஸ்ட் போட்டு ஒரு நாள் போல புளிக்க விட்டுட்டு பிரிட்ஜுக்குள்ள வைக்கிறது. (ஈஸ்ட் போட்டா கொஞ்சமாவது மதுசாரம் வரும், குடிக்காத ஆக்களுக்குக் குடுக்கிறதெண்டா முதல்லயே சொல்லிருங்க.) ரெண்டும் வேற சாமான் எண்டாலும் பிழைக்கிற விதம் கிட்டத்தட்ட ஒண்டுதான், அதால ரெண்டுக்கும் சேத்தே எழுதுறன்.

முதல்ல ஒண்டு, வாசம் கொஞ்சம் மாறினதும் கிருமி பட்டுட்டு எண்டு எல்லாரும் பயப்பிடுறாங்க. நான் கண்ட அளவில கிருமியால பிழைச்சதை விட வெக்கையாலயும் தண்ணியாலயும் பிழைச்சதுதான் கூட. அதால மணந்து பாத்து, என்ன வாசம் எண்டு ஒரு பேர் வைச்சுப் பாருங்க, காரணம் பாதி அதுலயே வந்துரும்.

நெயில் பொலிஷ் அழிக்கிற மருந்து மாதிரியோ பெயின்ட் தின்னர் மாதிரியோ மணந்து, குடிக்கக்குள்ள தொண்டை சுட்டா அது வெக்கை. பியர் ஈஸ்ட் கனக்க 18 – 22 பாகையிலதான் நல்லா வேலை செய்யும், எங்கட ஊர்ல வைகாசியில இருந்து ஆவணி மட்டும் கச்சான் அடிக்கக்குள்ள வீட்டுக்குள்ளயே 30க்கு மேல நிக்கும், அதோட புளிக்கக்குள்ள வாளிக்குள்ள இன்னும் ரெண்டு மூண்டு பாகை கூடும். நான் செய்யிறது, வாளியை ஒரு பேசினுக்குள்ள தண்ணி விட்டு வைச்சு, நனைச்ச சாக்கைச் சுத்தி, கச்சான் வாற ஜன்னலோரமா வெயில் படாம வைக்கிறது. கச்சான் காஞ்ச காத்து, அதால ஈரம் சுறுக்கா உலந்து வாளி நல்லாக் குளிரும், மண்பானைத் தண்ணி குளிருற மாதிரித்தான். மாரியில காத்தில ஈரம் கூட, அப்ப சாக்கு அவ்வளவு உதவாது, ஆனா வெக்கையும் அப்ப குறைவு. முதல் ரெண்டு மூண்டு நாள்தான் முக்கியம், வாசம் அப்பதான் உருவாகுது, மறுகா குளிர வைச்சுப் பிரயோசனம் இல்ல.

காயத்துக்கு ஒட்டுற பிளாஸ்டர், ஆசுபத்திரி மருந்துத் தண்ணி, அப்பிடி மணந்தா குளோரின். பைப் தண்ணியில இருக்கிற குளோரின், மோல்ட்டில (முளைக்க வைச்ச பார்லி) இருந்தும் ஈஸ்ட்டில இருந்தும் வாற பீனோல் எண்ட சாமானோட சேந்தா துளி அளவு இருந்தாலே நாக்கில தெரியும், எத்தினை மாசம் வைச்சாலும் போகாது. இஞ்சியை அரைவாசித் தண்ணியில நல்லாக் கொதிக்க வைச்சுப் போட்டு, ஆற வைக்கிறதுக்கு மிச்சத்துக்கு பச்சையா பைப் தண்ணியை ஊத்துறாங்க, பிழை அதுலதான் இருக்கு. எல்லாத் தண்ணியையும் 15 நிமிஷம் கொதிக்க விடுங்க, இல்லாட்டி ராவைக்குத் திறந்து வைச்சு விடியப் பாவிங்க. புளீச் போட்டு வாளி கழுவி சரியா அலசாட்டியும் இதே வாசம் வரும். கிணத்துத் தண்ணி எண்டா குளோரின் பிரச்சினை இல்ல, ஆனா வாளியில செங்கறை பிடிக்கிற கிணறு எண்டா இரும்பு கூட, நாக்கில காசு வைச்ச மாதிரி ருசி வரும்.

பொறுத்திருந்தா போற வாசங்களும் இருக்கு. கூழ்முட்டை வாசம் ஈஸ்ட் விடுறது, அனேகமா தானாப் போயிரும். பச்சை அப்பிள் வாசம் எண்டா இன்னும் புளிச்சு முடியல்ல. பட்டர் வாசம் எண்டா ஒரு சோதனை இருக்கு, ரெண்டு சின்ன கிளாஸ்ல கொஞ்சம் கொஞ்சம் எடுத்து மூடி, ஒண்டை 60 – 70 பாகை சுடுதண்ணிக்குள்ள ஒரு 20 நிமிஷம் வைச்சு எடுத்து ஆற வைச்சு ரெண்டையும் மணந்து பாருங்க. சூடாக்கினதில மட்டும் பட்டர் மணந்தா இன்னும் முடியல்ல, ரெண்டு மூண்டு நாள் கழிச்சு திரும்பப் பாருங்க. ரெண்டுலயும் மணக்காட்டி போத்தல்ல அடைக்கலாம். நாள் போகப் போக பட்டர் வாசமும் புளிப்பும் சேந்து கூடிக்கொண்டே வந்தா அதுக்குக் காரணம் பக்டீரியா.

இனி உண்மையாவே கிருமி பட்டா எப்பிடி இருக்கும் எண்டா, மேல வெள்ளையா சுருங்கின தோல், ஆறின பால்ல ஆடை பிடிச்ச மாதிரி. போத்தல் கழுத்தில, திரவம் நிக்கிற மட்டத்தில ஒரு வளையம். ஊத்தக்குள்ள வெண்டிக்காய் மாதிரி நூல் இழுபடுறது. முந்தி இல்லாத புளிப்பு, அது தயிர்ப் புளிப்பு எண்டா லக்டிக் பக்டீரியா, வினாகிரி மாதிரி மூக்கில ஏறினா அசிட்டிக். அசிட்டிக்குக்கு காத்து வேணும், அதால மூடி இறுக்கமா இல்ல எண்டு அர்த்தம். ஹைட்ரோமீட்டர் (திரவத்தின்ட அடர்த்தி அளக்கிற கருவி, சீனி குறையக் குறைய இலக்கமும் இறங்கும்) வைச்சிருக்கிற ஆக்கள் இன்னொண்டும் பாக்கலாம், 1.012ல நாள் கணக்கா நிண்டது பிறகு 1.004க்கு இறங்கினா ஈஸ்ட் தின்னாத மாச்சீனியை வேற ஒண்டு தின்னுது.

ஒரு போத்தல் மட்டும் பழுதெண்டா அந்தப் போத்தல் ஊத்தை. எல்லாப் போத்தலும் ஒரே மாதிரி எண்டா வாளியைப் பாருங்க. எனக்கு ஒருக்கா தொடந்து மூண்டு தரம் புளிச்சுப் போச்சு, வாளியைக் கழுவினன், குழாய் மாத்தினன், மூடியும் மாத்தினன், சரி வரல்ல. கடைசியா வாளியில கீழ இருக்கிற, திறந்து ஊத்துற டப்பைக் கழட்டி, அதுக்குள்ள திருகுற துண்டையும் இழுத்து எடுத்துப் பாத்தா, றப்பர் வளையத்துக்குப் பின்னால சளி மாதிரி ரோஸ் நிறத்தில ஒரு படை, நகத்தால சுரண்டினா வந்துது, புளிச்ச துணி வாசம். வெளியில பாக்க டப் புதுசு மாதிரி மினுங்கிச்சு. அண்டையில இருந்து ஒவ்வொரு தரமும் முழுசாக் கழட்டித்தான் கழுவுறன். உள்ளுக்கு கீறல் விழுந்த பிளாஸ்டிக் வாளி எண்டா யோசிக்காம மாத்துங்க, கீறலுக்குள்ள போனதை எந்த மருந்தும் எடுக்காது.

குடிச்சா ஏதும் ஆகுமா எண்டு கேட்டா, புளிச்சு முடிஞ்ச பியர்ல மதுசாரமும் அமிலமும் ஹொப்ஸும் இருக்கிறதால நோய்க் கிருமி வளராது, புளிப்பு வந்தா ருசிதான் கெடும். இஞ்சி பியர்ல அந்தப் பாதுகாப்பு குறைவு, அதால தேசிக்காய்ப் புளியில கஞ்சத்தனம் பண்ணாதீங்க. ரெண்டுலயும் மயிர் மயிரா பச்சை, கறுப்புப் பூஞ்சணம் பிடிச்சா அள்ளி எறிஞ்சு போட்டு மிச்சத்தைக் குடிக்காம முழுசா ஊத்துங்க.

ஆனா எனக்குப் பெரிய பயம் போத்தல்தான். பியரை அடைக்கக்குள்ள லீட்டருக்கு 6 – 8 கிராம் சீனிதான் போடுறது, அதுவே காஸுக்குக் காணும். இஞ்சி பியர்ல லீட்டருக்கு 100 கிராம் போல சீனி கிடக்கு, பிரிட்ஜுக்குள்ள வைக்க மறந்தா அவ்வளவும் காஸாகத் தொடங்கும். கண்ணாடிப் போத்தல் வேணாம், பிளாஸ்டிக் சோடாப் போத்தல்ல அடைச்சு விடிய ஒருக்கா பின்னேரம் ஒருக்கா அமத்திப் பாருங்க, கல்லு மாதிரி ஆனா உடன பிரிட்ஜுக்குள்ள. திறந்ததும் பொங்கி அரைவாசி வெளியில போனா மத்தப் போத்தலையும் குளிர வைச்சு, துணியால மூடி, மெல்ல மெல்ல காஸ் இறக்குங்க.

பூஞ்சணமும் இல்லாம சளியும் இல்லாம வெறும் வினாகிரிப் புளிப்பு மட்டும் வந்தா அதை ஊத்தாதீங்க. தென்னங்கள்ளு புளிச்சுத்தானே வினாகிரி ஆகுது. வாய் அகண்ட போத்தல்ல விட்டு மெல்லிசுத் துணி கட்டி ஒரு மூலையில ஒண்டரை ரெண்டு மாசம் வைங்க, அடுத்த பியர் செய்யிற சாமான் ஒண்டும் அதுக்குக் கிட்ட வேணாம். இஞ்சி வாசத்தோட வாற அந்த வினாகிரி மீன் கழுவ நல்லம்.