பைத்தானில் எரர் காட்டாத தவறுகள்: தேடிப் பிடிப்பதும் திருத்துவதும்

பைத்தான் புரோகிராம் எரர் காட்டி நின்றுவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரிதான். எந்த ஃபைல், எந்த வரி என்று ட்ரேஸ்பேக்கே (எரரோடு திரையில் வரும் வரிப்பட்டியல்) சொல்லிவிடும். அதைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படித்துக்கொண்டே வந்து, நாம் எழுதிய ஃபைலின் பெயர் முதலில் எங்கே வருகிறதோ அங்கே நிறுத்திப் பார்த்தால் போதும். 3.11 பதிப்பிலிருந்து, வரிக்குள் எந்தத் துண்டில் சிக்கல் என்பதைக்கூட அடியில் ^ குறி போட்டுக் காட்டுகிறது. உண்மையில் நாள் கணக்கில் அலைக்கழிப்பவை எரரே வராமல், ஓடி முடித்து, தப்பான விடையைக் கொடுப்பவை. இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது.

அந்த வகைத் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான். பைத்தானில் வேரியபிள் என்பது ஒரு பொருளின்மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டு. ஒரே பொருளின்மேல் எத்தனை சீட்டு வேண்டுமானாலும் ஒட்டலாம். எனவே விடை தப்பும்போதெல்லாம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இந்தப் பெயர் எந்தப் பொருளைக் காட்டுகிறது? எந்த நேரத்தில் அது ஒட்டப்பட்டது?

பைத்தான் 3 தமிழ் எழுத்தில் எழுதிய வேரியபிள் பெயர்களை ஏற்கும். ஆகவே கீழே தனி வரிகளாக உள்ளவற்றை இன்டராக்டிவ் ஷெல்லில் அப்படியே தட்டிப் பார்க்கலாம்.

ஒரு லிஸ்ட், இரண்டு பெயர்

```
அ = [1, 2, 3]
ஆ = அ
ஆ[0] = 99
அ
[99, 2, 3]
```

இரண்டாம் வரி எதையும் நகலெடுக்கவில்லை. இருக்கிற லிஸ்டுக்கு இன்னொரு பெயர் சூட்டியது, அவ்வளவுதான். தனி நகல் வேண்டுமென்றால் ஆ = அ[:] என்று எழுத வேண்டும். சந்தேகம் வந்தால் இரண்டு பெயர்களையும் இஸ் ஆபரேட்டரால் ஒப்பிடுங்கள். ட்ரூ என்று வந்தால் இரண்டும் ஒரே பொருள்.

இதுவே கட்டம் போடும்போது பெரிதாகக் கடிக்கும்:

```
கட்டம் = [[0] * 3] * 3
கட்டம்[0][0] = 5
கட்டம்
[[5, 0, 0], [5, 0, 0], [5, 0, 0]]
```

ஒரு செல்லை மாற்றினால் மூன்று வரிசையும் மாறுகிறது. வெளியே உள்ள * 3 புதிதாக மூன்று லிஸ்ட் உண்டாக்கவில்லை, ஒரே லிஸ்டை மூன்று தடவை காட்டுகிறது. உள்ளே இருக்கும் [0] * 3 மட்டும் ஏன் கெடுதல் செய்வதில்லை? எண்ணை இருந்த இடத்திலேயே மாற்ற முடியாது. வேறு எண்ணைத்தான் அந்த இடத்தில் வைக்க முடியும். திருத்தம்: [[0] * 3, [0] * 3, [0] * 3] என்று தனித்தனியாக எழுதுவது. பெரிய கட்டமென்றால், உள் வரிசையை ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகச் செய்யும் லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன் (சதுர அடைப்புக்குள்ளேயே ஃபார் எழுதி லிஸ்ட் செய்யும் முறை).

இப்படிப்பட்ட கட்டத்தை [:] போட்டு நகலெடுத்தால் வெளி லிஸ்ட் மட்டும்தான் புதிதாகும், உள் வரிசைகள் பழையவையே. முழுவதும் பிரிய வேண்டுமானால் காப்பி மாடியூலில் உள்ள டீப்காப்பி தேவை. பெரிய டேட்டாவில் அது மெதுவாக ஓடும். எல்லா இடத்திலும் கை பழக்கத்தில் போட்டுவிடாமல், எங்கே மாற்றம் நடக்கிறதோ அங்கே மட்டும் பயன்படுத்துங்கள்.

இன்னொரு நுட்பம்: அ = அ + [4] புதிய லிஸ்டை உண்டாக்கி அதற்கு அ என்ற சீட்டை மாற்றி ஒட்டுகிறது. அ += [4] பழைய லிஸ்டுக்குள்ளேயே சேர்க்கிறது, அதனால் அதே லிஸ்டைக் காட்டும் ஆ-வும் மாறிவிடும். பார்க்க ஒன்றுபோல் இருக்கும் இந்த இரண்டும் எவ்வளவு வேறானவை என்பதற்கு டியூப்பிள்தான் (உறுப்புகளை மாற்றி வைக்க முடியாத வரிசை) நல்ல சாட்சி:

```
இ = ([1],)
இ[0] += [2]
இ
([1, 2],)
```

இரண்டாம் வரி டைப்எரர் காட்டும். ஆனாலும் கடைசி வரியில் பாருங்கள், உள்ளே 2 சேர்ந்தே இருக்கிறது. முதலில் லிஸ்ட் தன்னைத்தானே மாற்றிக்கொண்டது. பிறகு அதைத் திரும்ப டியூப்பிளில் வைக்கும் படிதான் தோற்றது. இந்த எரரை ட்ரை-எக்ஸெப்ட் போட்டுப் பிடித்து, "மாற்றம் நடக்கவில்லை" என்று நினைத்துக்கொண்டால் டேட்டா கெட்டுப்போகும். லிஸ்டில் சேர்க்க வேண்டுமென்றால் எக்ஸ்டெண்ட் மெத்தடை நேரடியாக அழையுங்கள்; அதில் இந்தக் குழப்பமே இல்லை.

டீஃபால்ட் மதிப்பாகக் காலி லிஸ்ட்

'சேர்' என்று ஒரு ஃபங்ஷன். பொருள் என்பது முதல் பாராமீட்டர்; பை = [] என்பது இரண்டாவது. பொருளைப் பையில் அப்பெண்ட் செய்து, பையைத் திருப்பித் தருகிறது. சேர்(1) என்று அழைத்தால் [1] வரும். அடுத்து சேர்(2) என்று அழைத்தால் [2] வர வேண்டும். வருவது [1, 2].

டெஃப் வரியும் ஓடுகிற வரிதான். அது ஓடும்போது ஒரே ஒரு முறை அந்தக் காலி லிஸ்ட் உருவாகி, ஃபங்ஷனோடு ஒட்டிக்கொள்கிறது. பிறகு பை கொடுக்காமல் அழைக்கும் ஒவ்வொரு தடவையும் அதே லிஸ்ட்தான் கைக்கு வருகிறது. நேரில் பார்க்க, முன்னும் பின்னும் இரட்டை அடிக்கோடு கொண்ட டீஃபால்ட்ஸ் என்ற அட்ரிபியூட்டை அந்த ஃபங்ஷனில் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் உள்ளே இருக்கும் லிஸ்ட் வளர்ந்திருக்கும்.

திருத்தும் முறை: டீஃபால்டாக நன் (None, 'எதுவுமில்லை' என்ற மதிப்பு) வையுங்கள். ஃபங்ஷனின் முதல் வரியில் பை நன்-ஆ என்று இஸ் கொண்டு பாருங்கள். ஆம் என்றால் அங்கே பை = [] என்று புதிதாக உருவாக்குங்கள். "பை காலியாக இருந்தால்" என்று நாட் போட்டு எழுதிவிடக் கூடாது: அழைத்தவர் தன்னுடைய காலி லிஸ்டைக் கொடுத்திருந்தால் அதையும் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்றில் சேர்த்துவிடும், அவர் லிஸ்ட் காலியாகவே இருக்கும்.

டிக்ஷனரி, செட் ஆகியவற்றுக்கும் இதே கதிதான். டீஃபால்டாக 'இப்போதைய நேரம்' என்று டேட்டைம் நௌ அழைப்பை எழுதினாலும் அப்படித்தான்: புரோகிராம் ஏறிய நேரமே நாள் முழுக்க நிற்கும். கிளாஸுக்குள் நேரடியாக எழுதிய லிஸ்டும் எல்லா ஆப்ஜெக்டுக்கும் பொதுவாகிவிடும். அதை இனிட் மெத்தடுக்குள் செல்ஃப் மூலம் உருவாக்க வேண்டும். டேட்டாகிளாஸ் இந்த விஷயத்தில் நல்ல காவலாளி. லிஸ்டை டீஃபால்டாக எழுதினால் வேல்யூஎரர் காட்டி நிறுத்தி, டீஃபால்ட் ஃபேக்டரி பயன்படுத்தச் சொல்லும்.

இந்தத் தவறு டெஸ்டில் தப்பிப்பதற்குக் காரணம், டெஸ்டுகள் பெரும்பாலும் ஒரு ஃபங்ஷனை ஒரு தடவைதான் அழைக்கும். நாள்கணக்கில் ஓடும் சர்வரில்தான் ஒருவருடைய டேட்டா இன்னொருவருடைய விடையில் கலக்கும். எனவே இப்படிப்பட்ட ஃபங்ஷனுக்கு டெஸ்ட் எழுதும்போது தொடர்ந்து இரண்டு தடவை அழைத்து, இரண்டாவது விடையைச் சரிபாருங்கள்.

லூப்புக்குள் லேம்டா

0, 1, 2 என்று ஐ ஓடும் லூப்பில் மூன்று லேம்டாக்களை (ஒரே வரியில் எழுதும் பெயரில்லாத ஃபங்ஷன்கள்) உருவாக்குகிறோம். ஒவ்வொன்றும் ஐ-யைத் திருப்பித் தர வேண்டும். பிறகு அழைத்தால் மூன்றும் 2 என்கின்றன. திரையில் மூன்று பட்டன் வைத்து எதை அழுத்தினாலும் கடைசிப் பட்டனின் வேலையே நடப்பது இதனால்தான். லேம்டா ஐ-யின் மதிப்பைச் சேமிப்பதில்லை. அழைக்கும் நேரத்தில் ஐ என்ற பெயர் எதைக் காட்டுகிறது என்று போய்ப் பார்க்கிறது. அதற்குள் லூப் முடிந்துவிட்டது. லேம்டாவுக்கு ஐ=ஐ என்று ஒரு டீஃபால்ட் பாராமீட்டர் கொடுங்கள். மேலே நம்மைக் கடித்த அதே விதி, டீஃபால்ட் ஒரே முறை கணக்கிடப்படும் என்பது, இங்கே காப்பாற்றுகிறது. ஃபங்டூல்ஸில் உள்ள பார்ஷியலும் இதைச் செய்யும். படிப்பவருக்கு அது இன்னும் தெளிவு.

ஓடிக்கொண்டே நீக்குவது

லிஸ்டின் மேல் ஃபார் லூப் ஓடும்போதே அதிலிருந்து இரட்டைப்படை எண்களை ரிமூவ் செய்கிறோம். [1, 2, 3, 4] கொடுத்தால் [1, 3] வருகிறது. சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடுவோம். [2, 4, 6, 8] கொடுத்துப் பாருங்கள்: [4, 8] மிஞ்சும். லூப் உள்ளுக்குள் இடத்தை எண்ணிக்கொண்டு நகர்கிறது. 2 போனதும் 4 அதன் இடத்துக்கு வந்துவிடும், லூப்போ அடுத்த இடத்துக்குத் தாவிவிடும். நீக்க வேண்டியவை அடுத்தடுத்து இருந்தால் மட்டுமே இது வெளிப்படும். வேண்டியவற்றை மட்டும் பொறுக்கிப் புதிய லிஸ்ட் செய்வதே நல்ல வழி. அதே லிஸ்ட்தான் மாற வேண்டுமென்றால் அந்தப் புதிய லிஸ்டை அ[:] என்பதற்குள் போட்டுவிடுங்கள். டிக்ஷனரியில் இப்படி நீக்கினால் ரன்டைம்எரர் வந்துவிடுவதால் அங்கே பிரச்சினை தானாகவே தெரியும்.

இஸ், ==, காலி மதிப்புகள்

இரண்டு மதிப்புகள் சமமா என்று கேட்பதற்கு ==. ஒரே பொருளா என்று கேட்பதற்கு இஸ். வழக்கமாக நாம் பயன்படுத்தும் சிபைத்தான், -5 முதல் 256 வரையுள்ள முழு எண்களை முன்கூட்டியே உருவாக்கி வைத்துக்கொள்கிறது. அதனால் 256 வரை இஸ் சரியாக வேலை செய்வதுபோல் தெரிந்து, 257-இல் ஷெல்லில் ஃபால்ஸ் என்று விழும். 3.8 முதல், நேரடியாக எழுதிய எண்ணோடு இஸ் போட்டால் எச்சரிக்கை வருகிறது. நன்-ஐச் சோதிக்க மட்டும் இஸ் என்று வைத்துக்கொண்டால் இந்த வம்பே இல்லை.

0, "", [], நன் நான்கும் இஃப் பார்வையில் பொய். பயனர் அளவைக் கொடுக்கவில்லையா என்று நாட் போட்டுச் சோதித்தால், 0 என்று தெளிவாகக் கொடுத்தவரையும் கொடுக்காதவராக எண்ணிவிடும்.

ஒரு கமா

```
நிறம் = "சிவப்பு",
நிறங்கள் = ["சிவப்பு" "பச்சை", "நீலம்"]
```

முதல் வரி ஸ்ட்ரிங் அல்ல, ஓர் உறுப்புள்ள டியூப்பிள். இரண்டாவதில் உறுப்புகள் இரண்டே: 'சிவப்புபச்சை', 'நீலம்'. அடுத்தடுத்து வரும் ஸ்ட்ரிங்குகளைப் பைத்தான் தானாக ஒட்டிவிடும். நீளமான லிஸ்டை வரிக்கு ஒன்றாக எழுதி, கடைசி உறுப்புக்கும் கமா போடும் வழக்கம் இதனால்தான் நல்லது. பின்னால் சேர்ப்பவர் கமாவை மறக்க வாய்ப்பில்லை.

தசம எண்கள்

0.1 + 0.2 என்று தட்டினால் 0.30000000000000004 வரும். 0.1-ஐ பைனரியில் துல்லியமாக எழுத முடியாது என்பதே காரணம். ஒப்பிட மேத் மாடியூலின் இஸ்குளோஸ் இருக்கிறது. அது நூறு கோடியில் ஒரு பங்கு வித்தியாசத்தை அனுமதிக்கும். அந்த அளவு எண்களின் பருமனைப் பொறுத்தது, ஆகவே 0-வோடு ஒப்பிடும்போது ஏபிஎஸ் டால் என்ற பாராமீட்டரைத் தனியாகக் கொடுத்தே ஆக வேண்டும். பணக் கணக்குக்கு டெசிமல், அதையும் "0.1" என்று ஸ்ட்ரிங்காகக் கொடுங்கள், 0.1 என்று கொடுத்தால் பைனரிப் பிழையும் சேர்ந்தே உள்ளே வரும். ரவுண்ட் ஃபங்ஷன் 2.5-ஐ 2 ஆக்கும், 3.5-ஐ 4 ஆக்கும்: சரிபாதியில் நின்றால் இரட்டைப்படைப் பக்கம் சாய்வது அதன் விதி. -7 // 2 என்பது -4: // எப்போதும் கீழ்நோக்கியே முழு எண்ணாக்கும்.

தமிழ் ஸ்ட்ரிங்

நம் டேட்டாவில் அதிகம் அடிபடுவது இங்கேதான். "தமிழ்" என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து. லென் கேட்டால் 5. யூடிஎஃப்-8 பைட்டுகளாக மாற்றினால் 15. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து கோட்பாயிண்ட் (யூனிகோடில் தனி எண் பெற்ற குறி). தமிழ் கோட்பாயிண்ட் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்.

```
"தமிழ்"[:2]
'தம'
```

இகரக் குறி அறுந்துவிட்டது. "முதல் 20 எழுத்து மட்டும் காட்டு" என்று வெட்டும் புரோகிராம்களெல்லாம் இப்படித்தான் சொல்லைக் குதறுகின்றன. வெளி மாடியூலான ரீஜெக்ஸில், பின்சாய்வுக்கோட்டுடன் பெரிய எழுத்து எக்ஸ் போட்டுத் தேடினால் த, மி, ழ் என்று எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும். வெட்டுவதும் எண்ணுவதும் அந்தத் துண்டுகளின்மேல் நடக்கட்டும். பைத்தானுடன் வரும் ஆர்ஈ மாடியூலில் இந்த வசதி இல்லை.

'கொ' என்பதை ஒகரக் குறி ஒன்றாகவும் எழுதலாம், எகரக் குறியும் ஆகாரக் குறியும் சேர்ந்த இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது; == ஃபால்ஸ் சொல்லும், தேடல் கிடைக்கவில்லை என்றுவிடும். உள்ளே வரும் எல்லா ஸ்ட்ரிங்கையும் யூனிகோட்டேட்டா மாடியூலின் நார்மலைஸ் மூலம் என்எஃப்சி வடிவத்துக்கு (சேர்த்து எழுதிய ஒரே வடிவம்) மாற்றிவிட்டுப் பிறகு சேமியுங்கள்.

ஃபைலைத் திறக்கும் ஓப்பன் அழைப்பில் என்கோடிங் யூடிஎஃப்-8 என்று கட்டாயம் எழுதுங்கள். விண்டோஸில் நெடுங்காலமாக சிஸ்டத்தின் கோட்பேஜ்தான் (அதன் மொழி அமைப்புக்கான எழுத்து அட்டவணை) டீஃபால்ட்; எழுதாமல் விட்டால் லினக்ஸில் ஓடிய அதே புரோகிராம் அங்கே எழுத்துகளைச் சிதைக்கும். எக்செல்லிலிருந்து வந்த சிஎஸ்வி-யில் முதல் நெடுவரிசையின் பெயர் மட்டும் பொருந்தவில்லையென்றால், ஃபைலின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத பாம் குறி இருக்கிறது. யூடிஎஃப்-8-சிக் என்று கொடுத்தால் அது நீங்கிவிடும்.

கருவிகளிடம் விட வேண்டியவை

வெறும் எக்ஸெப்ட் எழுதாதீர்கள். அது எரரை மட்டுமின்றி கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்துவதையும் விழுங்கும். எந்த எரர் வரலாமோ அதன் பெயரைச் சொல்லிப் பிடியுங்கள்.

ரஃப் என்ற லின்டரை (புரோகிராமை ஓட்டாமலே படித்துத் தவறு காட்டும் கருவி) பயன்படுத்துகிறவர்கள் அதன் பி விதித்தொகுப்பைத் தனியாக இயக்க வேண்டும். பி006 டீஃபால்ட் லிஸ்டையும், பி023 லூப்புக்குள் இருக்கும் லேம்டாவையும் பிடிக்கும். ஒரே லிஸ்டுக்கு இரண்டு பெயர் இருப்பதை மட்டும் இதுபோன்ற லின்டர் நம்பும்படியாகக் கண்டுபிடித்துத் தராது. அங்கே மதிப்பு மாறும் வரிக்கு முன்னால் பிரேக்பாயிண்ட்() அழைப்பைப் போட்டு நிறுத்தி, சந்தேகப்படும் இரண்டு பெயர்களையும் இஸ் கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள். ஃபால்ஸ் வந்தால் ஒரு படி உள்ளே போய் அவற்றின் உள் உறுப்புகளையும் அதேபோல் ஒப்பிடுங்கள்.