பெரியப்பாவின் வால்வு ரேடியோவில் இரைச்சல்: நான் சரிசெய்த விதம்

பெரியப்பா சேர்த்து வைத்திருக்கும் மேஜை ரேடியோக்கள் ஒன்பது. அதில் அவருக்கு உயிரான வால்வு செட்டில் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் போன்ற வால்வுகளால் இயங்குவது) பாட்டை அமுக்கிக்கொண்டு 'ம்ம்ம்' என்ற இரைச்சல்தான் வந்தது. வால்யூமைக் குறைத்தாலும் அது குறையவில்லை. அப்படியென்றால் கோளாறு பெரும்பாலும் பவர் பகுதியில்தான்.

நேரடியாகக் கரண்ட் கொடுக்காமல், 60 வாட் குண்டு பல்பை சீரியஸில், அதாவது ரேடியோவுக்குக் கரண்ட் போகும் வழியிலேயே, போட்டுப் பார்த்தேன். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும். மங்கலாகத்தான் எரிந்தது. சரி, டிரான்ஸ்ஃபார்மர் பிழைத்தது. கரண்டின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் ஃபில்டர் கன்டென்சர் காய்ந்துபோனதுதான் காரணம். பழைய இரட்டைக் கன்டென்சருக்குப் பதில் 47 மைக்ரோஃபேரட், 450 வோல்ட் இரண்டு வைத்தேன். ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபயர் வால்வு இஇசட் 80 (EZ80) என்பதால் 50 மைக்ரோஃபேரடைத் தாண்டக் கூடாது, அந்த வால்வு போய்விடும். ஸ்பீக்கரை இயக்கும் அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு (ஒலி சிக்னல் நுழையும் முனை) போகும் காகிதக் கன்டென்சரையும் மாற்றினேன். அதன் வழியே டிசி கசிந்தால் அவுட்புட் வால்வும் சூடேறிப் பாழாகும்.

ஒன்று முக்கியம்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கன்டென்சர்களில் 250 வோல்ட்டோ அதற்கு மேலோ தங்கியிருக்கலாம். ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

மாலையில் மீடியம் வேவ் 720 கிலோஹெர்ட்ஸில் சென்னை வானொலி தெளிவாகக் கேட்டது. பெரியப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கர் துணியருகே காதை வைத்துக்கொண்டார்.